சுங்கை சிப்புட்டிலிருந்து துருவத்துக்கு: நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

போன மாதம் ஊருக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்தில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த அக்கா, இப்போது தாமான் குடியிருப்பில் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் நுண்ணுயிரியல் பட்டம் முடித்து ஐந்து மாதம் ஆகிறது. கையில் மூன்று தாள் வைத்திருந்தாள். இங்குள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் அண்டார்க்டிகா மண் பாக்டீரியா பற்றிய முதுகலை ஆய்வுக்கு இடம். தென்கொரியாவிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு. செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில் மாதம் 2,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) வேலை. நான்காவதற்குத் தாள் இல்லை, கைப்பேசியில் ஒரு படம்தான் இருந்தது: நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பனிமேட்டின் முன்னால் முதுகில் துப்பாக்கியோடு நிற்கும் மாணவர்கள்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "இதுல எதுல மாசாமாசம் காசு வரும்மா?"

மகளுக்குக் கூச்சமாகிவிட்டது. "அம்மா, இது ஆராய்ச்சி" என்றாள். நான் அக்கா பக்கம்தான். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, ரப்பர் பால் எடையைப் பார்த்து, கிராணி எழுதிய கணக்கை நம்பி வாழ்ந்த குடும்பத்திலிருந்து வரும் கேள்வி அது. முதுகலை சேர்ந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. என் மேற்பார்வையாளரின் கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, பாதியில் முடிந்தது. ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. சனி ஞாயிறுகளில் ஊருக்கு வந்து டியூஷன் சொல்லிக்கொடுத்து அந்தப் பட்டத்தை முடித்தேன். யார் பெயரையும் சொல்லிக் குறைகூற இதை எழுதவில்லை. அந்த ஏழு மாதத்தை இன்னொரு பிள்ளை படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வழிகளைப் பார்க்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துருவ ஆராய்ச்சியில் ஆண்டு முழுதும் பனியில் யாரும் நிற்பதில்லை. முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்த்து நான் ஆறு ஆண்டுக்கு மேல் இதில் இருந்தேன். அண்டார்க்டிகாவில் கால் வைத்தது பத்தொன்பது நாள். முதுகலை முழுவதும் பனி என்னிடம் வந்ததே தவிர நான் பனியிடம் போகவில்லை. மைனஸ் 80 பாகை ஃபிரீசரில், யாரோ ஒருவர் என்றோ அள்ளிவந்த மண் சின்னச் சின்னக் குழாய்களில் இருந்தது. அதைக் கரைத்து, வளர்த்து, டி.என்.ஏ. எடுத்து, மீதி நேரமெல்லாம் கணினி முன்னால். "ஐஸையே பாக்காம துருவ ஆராய்ச்சியாளர்னு சொல்லிக்கலாமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் துறையில் நல்ல கட்டுரை எழுதிய பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆகவே, எந்த வழி உன்னைச் சீக்கிரம் பனிக்குக் கொண்டுபோகும் என்று கணக்குப் போடாதே. எந்த வழியில் நல்ல மாதிரியும் நல்ல மேற்பார்வையாளரும் தடைபடாத மாதக் காசும் ஒன்றாகக் கிடைக்கும் என்று பார்.

மலேசியாவிலேயே முதுகலை

நம் நாட்டுக்கு அண்டார்க்டிகாவில் சொந்த ஆய்வுத் தளம் கிடையாது. கேட்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியும். ஆனால் நம் துருவ ஆராய்ச்சி வளர்ந்த விதமே அதனால்தான் வேறு. 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச் சபையில் அண்டார்க்டிகா ஒரு சில நாடுகளின் சொத்தல்ல என்று பேசினார். 1997இல் நியூசிலாந்து தன் ஸ்காட் தளத்தில் நம் ஆய்வாளர்களுக்கு இடம் தர முன்வந்தது. மலேசிய அறிவியல் கழகத்தின் கீழ் அண்டார்க்டிகா ஆய்வுத் திட்டமும் அப்போதுதான் பிறந்தது. 2002இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்க்டிகா ஆய்வு மையம் வந்தது. 2011இல் அண்டார்க்டிகா உடன்படிக்கையில் சேர்ந்தோம். 2012இல் சுல்தான் மிசான் அண்டார்க்டிகா ஆய்வு அறவாரியம் அமைந்தது. இன்று ஆய்வு நிதிக்கும் பயண உதவிக்கும் மலேசிய மாணவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த அறவாரியம்தான்.

சொந்தத் தளம் இல்லாததால் நம் ஆய்வாளர்கள் நியூசிலாந்து, கொரியா, சிலி, பிரிட்டன் என்று பிற நாட்டாரோடு சேர்ந்தே போகிறார்கள். அதனால் இங்குள்ள ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் நுழைகிறவருக்கு அந்த உறவுகள் முதல் நாளிலிருந்தே கிடைக்கின்றன. அண்டார்க்டிகா ஆராய்ச்சியை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஸ்கார் என்ற அண்டார்க்டிகா ஆய்வுக்கான அறிவியல் குழுவில் 2008 முதல் மலேசியா முழு உறுப்பினர். ஸ்கார் தரும் ஆய்வு நல்கைக்கு மனுப் போடும் தகுதியும் அதோடு வருகிறது. முனைவர் பட்ட மாணவரும், பட்டம் முடித்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவரும் இன்னொரு நாட்டின் ஆய்வுக்கூடத்துக்குச் சில மாதம் போய் வேலை செய்ய அந்த நல்கை உதவுகிறது. எங்களைப் போன்ற சிறிய திட்டமுள்ள நாட்டுப் பிள்ளைகளுக்கு அது வெறும் பயணச்செலவு இல்லை. அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிற ஒருவரை அங்கேதான் சந்திக்கிறோம்.

நம் ஆய்வுக்கூடங்கள் குளிரில் வாழும் பாக்டீரியா, பூஞ்சை, பாசி, அவற்றின் நொதி ஆகியவற்றில் கைதேர்ந்தவை. சிந்திய டீசலையும் ஃபீனாலையும் குளிரிலேயே தின்று கரைக்கும் அண்டார்க்டிகா பாக்டீரியாக்களை வைத்து இங்கே நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. நீ உயிரியல் பிள்ளை என்றால் இந்த மண்ணில் வேர்விடலாம். பனிப்பாறை இயற்பியலிலோ பனிக்கரு (ஆழத்திலிருந்து எடுக்கும் பனித்தண்டு) துளைப்பதிலோ மனம் இருந்தால், மலேசியாவில் அதற்கு ஆசிரியரும் கருவியும் குறைவு. அந்தப் பிள்ளை வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் ஓட்டை உதவித்தொகை. ஆய்வு உதவியாளர் என்று மாதம் கிடைப்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரின் கிராண்டிலிருந்து வருகிறது. கிராண்டுக்கு முடிவுத் தேதி உண்டு. உன் படிப்பின் முடிவுத் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கையில் வரும் உதவித்தொகையை அந்த எண்ணோடு வைத்துப் பார், கோலாலம்பூரில் அறை வாடகையைக் கழி. மிச்சத்தில் வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. அம்மாவிடம் இதை இன்றே சொல்லிவிடு. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை மேற்படிப்புக் காலத்தில் ஒத்திவைக்க மனுச் செய்யலாம். அதையும் தள்ளிப்போடாமல் செய்.

கொரியாவும் ஜப்பானும்

கொரியாவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நாடகமும் பாட்டும். இஞ்சியோனில் இருக்கும் கொரியத் துருவ ஆய்வு நிலையம் பலருக்குத் தெரியாது. 1988இல் திறந்த கிங் செஜோங் தளம், 2014இல் திறந்த ஜாங் போகோ தளம் என்று தெற்கில் இரண்டு, வடக்கே ஸ்வால்பார்டில் தாசன் தளம், சொந்தமாக அராவோன் என்ற பனியுடைக்கும் கப்பல். யு.எஸ்.டி. என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வழியாக மாணவர்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே இருந்து பட்டம் படிக்கலாம். மாத உதவித்தொகையும் உண்டு. எதிர்வீட்டு அக்கா மகளுக்கு வந்த அழைப்பு இந்த வகைதான்.

இதில் எனக்குப் பிடித்தது, மாணவர் ஆய்வு நிலையத்தின் நடுவிலேயே இருப்பது. கப்பல் எப்போது கிளம்புகிறது, யார் வருகிறார், யாருக்குக் கை தேவை என்பதெல்லாம் மதிய உணவு மேசையிலேயே காதில் விழும். கோலாலம்பூரில் இருக்கும் மாணவருக்கு அது மின்னஞ்சலில், அதுவும் தாமதமாக வரும். பிடிக்காததையும் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் ஓடும், அலுவலகமும் வாடகை ஒப்பந்தமும் கொரிய மொழியில்தான். வேலை நேரம் நீளம். அங்கே படித்துத் திரும்பிய தோழி ஒருத்தி முதல் ஆண்டில் மூன்று பேரோடு மட்டும்தான் மனம்விட்டுப் பேசியதாகச் சொன்னாள். மனம் தாங்குமா என்பதை அக்கா மகள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் அல்ல.

ஜப்பானுக்கு இதே யோசனையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். தச்சிகாவாவில் இருக்கும் தேசியத் துருவ ஆய்வு நிலையத்தில் சோக்கெண்டாய் பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகத்தின் துருவ அறிவியல் பிரிவு இயங்குகிறது. ஜப்பானிய அரசின் மொன்புகாகாகுஷோ உபகாரச் சம்பளத்துக்கு இங்குள்ள தூதரகத்தில் மனுப் போடலாம். ஆசியத் துருவ அறிவியல் மன்றம் என்று 2004இல் தொடங்கிய அமைப்பில் மலேசியா, கொரியா, ஜப்பான், சீனா, இந்தியா எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. அதனால் இந்த நாடுகளில் மேற்பார்வையாளரைத் தேடும்போது நம் பேராசிரியர் ஒருவரின் அறிமுகம் நன்றாகவே எடுபடும்.

நியூசிலாந்து, பிறகு ஹோபார்ட்

அவள் கொண்டுவந்த நான்கில் இது இல்லை. நான் போன வழி இது, ஆகவே ஒருபக்கம் சாய்ந்து பேசுவேன். கிறைஸ்ட்சர்ச் ஒரு வாசல் நகரம். அண்டார்க்டிகா விமானங்கள் அங்கிருந்துதான் ஸ்காட் தளம் இருக்கும் ராஸ் தீவுக்குக் கிளம்புகின்றன. பெரிய சரக்கு விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் கேட்வே அண்டார்க்டிகா என்ற மையம் இருக்கிறது.

எங்கள் ஊர்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறு. நியூசிலாந்தில் முனைவர் பட்டம் படிக்கும் வெளிநாட்டு மாணவர், உள்ளூர் மாணவருக்கு உள்ள அதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார். இளங்கலைக்கும் பாடம் படிக்கும் முதுகலைக்கும் இந்தச் சலுகை இல்லை. அங்கே வெளிநாட்டுக் கட்டணம் வீட்டையே விழுங்கிவிடும். அதனால், முதுகலையை மலேசியாவில் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு நியூசிலாந்து போனால் பட்டச் சான்றிதழோடு கணக்கும் சரியாக வரும். முனைவர் பட்ட மாணவர் வாரத்தில் இத்தனை மணிதான் வேலை செய்யலாம் என்ற வரம்பும் அங்கே இல்லை. பல்கலைக்கழக உபகாரச் சம்பளம் கிடைத்தால் சிக்கனமாக இருந்து வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். நான் அனுப்பினேன். அப்பாவின் மோட்டார் அதில் வாங்கியதுதான்.

பயணக் காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பொங்கலும் தைப்பூசமும் அதற்குள் வந்துவிடும். போகுமுன் உடல் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் கட்டாயம். சொத்தைப் பல் ஒன்று போதும், பயணம் தள்ளிப்போகும். காலணியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் ஊசியால் நோண்டி எடுக்கச் சொல்வார்கள். 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை அந்தக் கண்டத்தை அப்படிக் காக்கிறது. செம்மண் ஒட்டிய காலணியோடு வளர்ந்தவளுக்கு அன்று அது புதிதாக இருந்தது.

ஹோபார்ட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் கடல், அண்டார்க்டிகா ஆய்வு நிலையமும், தென்பெருங்கடல் உயிரினப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமையகமும் ஒரே சிறு நகரத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலிய அண்டார்க்டிகாப் பிரிவு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிங்ஸ்டனில். கடல் அறிவியலுக்கு நான் பார்த்ததில் சிறந்த ஊர். வெளிநாட்டு மாணவருக்கு முழு உபகாரச் சம்பளம் கிடைப்பதில் போட்டி கடுமை. கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

நார்வே: படத்தில் இருப்பதும் ஒப்பந்தத்தில் இருப்பதும்

நார்வேயில் முனைவர் பட்டம் என்பது வேலை. விளம்பரம் வரும், மனுப் போட வேண்டும், தேர்வானால் ஊழியராகச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம். ஆண்டுச் சம்பளம் 5 இலட்சம் குரோனருக்கு மேல். செலவும் வரியும் அதற்கேற்ற உயரம் என்றாலும், உலகில் இளம் துருவ ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பத்திரமான தொடக்கம் எனக்குத் தெரிந்து அரிது. அக்காவின் கேள்விக்கு நேர்ப் பதில் நார்வேதான்.

ஆனால் அந்த வேலைக்கு முதுகலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். அதை நார்வேயிலேயே படிக்கலாமே என்றால், 2023இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம் வந்துவிட்டது. முன்பு இலவசம் என்று எழுதிய பழைய ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நம்ப வேண்டாம். தங்கச்சி காட்டிய படம் லாங்கியர்பியனில் 1993இல் தொடங்கிய ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம். 78 பாகை வடக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் எழுவதில்லை. துப்பாக்கி பனிக்கரடிக்காக, ஊரைத் தாண்டினால் அது வேண்டும். அழகான இடம்தான். ஆனால் முதுகலை முடிக்காத பிள்ளைக்கு அது இப்போதைக்குப் படம்தான். இரண்டு ஆண்டு கழித்து அதே படம் மனுவாக மாறலாம்.

ஆலை வேலை

இதைத் தோல்வி என்று யாரும் பேசக்கூடாது. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறோம். அந்தக் குளத்தில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை அளந்து, மாதிரி எடுத்து, பதிவேடு பிசகாமல் எழுதப் பழகிய ஒருவர், அண்டார்க்டிகாவில் டீசல் சிந்திய மண்ணை ஆராயும் கூடத்தில் முதல் வாரமே பயன்படுவார். ஒரு ஆண்டு வேலை செய்து, அம்மாவின் கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்துவிட்டுப் போகும் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும்.

ஆபத்து ஒன்றுதான். ஒரு ஆண்டு மூன்றாகும், கார் தவணை தொடங்கும், பிறகு 2,600ஐ விட்டு உதவித்தொகைக்கு இறங்க மனம் வராது. வேலையை எடுத்தால் விலகும் மாதத்தை இப்போதே எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டிலும் துறையோடு தொடர்பு அறக்கூடாது. ஏபெக்ஸ் என்னும் இளம் துருவ அறிவியலாளர் சங்கம் 2007-08 பன்னாட்டுத் துருவ ஆண்டையொட்டிப் பிறந்தது. உறுப்பினராகக் காசு வேண்டாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் துருவ வாரம் நடத்துகிறார்கள். இணையவழிப் பயிலரங்கு, மூத்தவர் வழிகாட்டல் எல்லாம் சுங்கை சிப்புட் வீட்டுக் கூடத்திலிருந்தே கிடைக்கும். கடல்பனியின் செயற்கைக்கோள் தரவுகள் 1970களின் கடைசியிலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் கடல்பனி 17 இலட்சத்து 90 ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்குச் சுருங்கி, அதுவரை கண்ட மிகக் குறைந்த அளவைத் தொட்டது. அந்தக் கோட்டை நீயே உன் மடிக்கணினியில் வரைந்து பார். நேர்காணலில் கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

அக்கா தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "பொம்பளப் பிள்ள, ஆம்பளைங்களோட அவ்வளவு தூரம்..." இதை மழுப்பக்கூடாது. 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை, அவர்களுடைய அண்டார்க்டிகாத் தளங்களில் பாலியல் தொல்லை பரவலாக இருந்ததை வெளிப்படையாகச் சொன்னது. பெண்கள் பேசியதால்தான் அது வெளிவந்தது. ஆகவே எந்த நாட்டோடு போனாலும், களத்தில் புகார் சொல்ல வேண்டிய ஆள் யார், அவர் களத் தலைவருக்குக் கட்டுப்பட்டவரா இல்லையா என்று போகுமுன்பே எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டதற்காக முகம் சுளிப்பவரோடு போக வேண்டாம்.

என் முடிவு

அடுத்த பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032-33க்குத் திட்டமிடப்படுகிறது. 1882, 1932, 1957 (அப்போது பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு என்ற பெயரில்), 2007 என்று இதுவரை நான்கு முறைதான் நடந்திருக்கிறது. அப்படி ஒன்று வரும்போது பணமும் கப்பலும் கூட்டுத் திட்டங்களும் ஒன்றாகத் திரளும். 2026இல் முதுகலை தொடங்கும் பிள்ளை 2028இல் முடித்து, நான்கு ஆண்டில் முனைவர் பட்டமும் முடித்தால், சரியாக அந்த வாசலில் நிற்பாள். நம் தலைமுறைக்கு இப்படிப் பொருந்தி வரும் காலம் இன்னொரு முறை வராது.

அதனால் நான் சொன்னது இது. மலேசிய முதுகலையை முதலில் எடு, பிறகு நியூசிலாந்துக்கும் நார்வேக்கும் மனுப் போடு. ஆனால் இருபத்து நான்கு மாதத்துக்கும் உதவித்தொகை உறுதி என்று எழுத்தில் வந்தால் மட்டும். வராவிட்டால் கொரிய நேர்காணலுக்குப் போ. அதுவும் நழுவினால் ஆலை வேலை, ஒரே ஆண்டு. ஆக, கொரியாவை நான் இரண்டாவதாக வைப்பது தரத்தால் அல்ல. இங்கே முதுகலை படித்தால் உனக்கு எந்தத் துருவக் கேள்வி பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், அங்கே முதலிலேயே போனால் அவர்கள் கேள்விதான் உன் கேள்வி. இங்கே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கலாம். என் தோழி நேர்மாறாகச் சொல்வாள்.

அன்று மாலையே ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டே அவள் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். உதவித்தொகை எந்த கிராண்டிலிருந்து, அது எந்த மாதம் முடிகிறது. ஆய்வுக்கான மண் ஏற்கனவே ஃபிரீசரில் இருக்கிறதா, இனிமேல்தான் எடுத்துவர வேண்டுமா. கடந்த ஐந்து ஆண்டில் அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். களப்பயணம் அமைந்தால் ஆளைத் தேர்ந்தெடுப்பது யார், காப்புறுதிக்கு யார் பணம். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், "இப்பிடிக் கேட்டா கோச்சுக்க மாட்டாங்களாக்கா?" என்றாள். மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அனுப்பு என்றேன்.

பதில் வியாழக்கிழமை வந்தது. மண் இருக்கிறது, பழைய மாணவர்களில் இருவரின் மின்னஞ்சல் முகவரி இதோ, அவர்களிடமே கேட்டுக்கொள் என்று மேற்பார்வையாளர் நல்லபடியாக எழுதியிருந்தார். களப்பயணத்துக்கும் பதில் இருந்தது. கிராண்ட் முடியும் மாதம் மட்டும் இல்லை. அதை மறுபடி கேட்டு எழுதியிருக்கிறாள். கொரிய நேர்காணல் அடுத்த மாதம் 9ஆம் தேதி, அதை ரத்து செய்யாதே என்று சொல்லியிருக்கிறேன்.